சீட்டுக்குப் பின்னால் கிட்டாரா, பெட்ரோலா?

பழைய அமெரிக்கப் பிக்கப்பைப் புதுப்பிப்பது ஒரு வேலை. அதையே கச்சேரிக்குப் போய்வரும் இசைக்கலைஞர் ஒருவருக்காகக் கட்டிக்கொடுப்பது வேறு வேலை. இரண்டாவதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பலரும் முதல் வரியிலேயே எஞ்சினைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறோம். ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் ஒருவருக்காக வண்டி கட்டப்போகிறோம். இரண்டு கிட்டார், ஒரு ஆம்ப், இரண்டு பேர். 1950களின் செவ்ரோலே நல்லதா, அந்தக் காலத்து ஃபோர்டா, செவ்ரோலேயின் 1967-72 சி10 பிக்கப்பா?

அளவு நாடாவை எடுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரின் கெட்டிப் பெட்டி சாதாரணமாக 100 முதல் 110 செ.மீ. நீளம், 35-40 செ.மீ. அகலம், 10-13 செ.மீ. தடிமன் இருக்கும். பெரிய உடம்புள்ள அக்கூஸ்டிக் என்றால் தடிமன் 15 செ.மீ. வரை போகும். அந்த அளவில் ஒரு அட்டைப் பெட்டி செய்து, பார்க்கப் போகும் ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்குப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் நிற்காது. அங்கே ஏற்கெனவே பெட்ரோல் டேங்க் உட்கார்ந்திருக்கும்.

1949 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே அரை டன் பிக்கப்புகளில் டேங்க் கேபினுக்குள், சீட்டின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அறுபதுகளின் ஃபோர்டுகளிலும் அதே கதை. எழுபது லிட்டர் பெட்ரோலை முதுகில் சுமந்துகொண்டு ஓட்டுவது பாதுகாப்பும் இல்லை, வாசனையும் போகாது. ஆகவே இசைக்கலைஞருக்கான வண்டியில் முதல் முடிவு டேங்கைப் பின்பெட்டிக்கு அடியில், சேஸியின் இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே, பின் ஆக்சிலுக்கு அப்பால் மாற்றுவதுதான். சி10-க்கு 1973 முதல் வந்த செவ்ரோலே பிளேசரின் டேங்கை அங்கே தொங்கவிடுவது வழக்கமாகிவிட்ட முறை. டேங்க் கீழே போனால் உதிரிச் சக்கரத்துக்கு அங்கே இடம் இருக்காது. எரிபொருள் ஊற்றும் வாய் பின்பெட்டியின் பக்கவாட்டிலோ தரையிலோ வரவேண்டும். எஞ்சினுக்கு எத்தனை அழுத்தத்தில் பெட்ரோல் போகவேண்டும் என்பதைப் பொறுத்து உள்ளிருக்கும் பம்ப் மாறும். ஒரு டேங்கை நகர்த்தினால் வண்டியில் பாதி நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் எஞ்சின் பேச்சு பிறகு என்கிறோம்.

இனி வண்டி. 1947இல் அறிமுகமான செவ்ரோலே 3100 தோற்றத்தில் எல்லோரையும் மயக்கும். வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையேயான தூரம்) 116 அங்குலம், ஆனால் கேபின் குறுகல். ஆறடிக்காரர் ஒருவர் உட்கார்ந்து சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால், டேங்கை எடுத்த பிறகும் மெல்லிய கிட்டார் பை ஒன்றுதான் நுழையும். 1953-56 ஃபோர்டு எஃப்-100 இன்னும் குட்டை, 110 அங்குலம். அதில் 1956 மாடலின் வளைந்த முன்கண்ணாடியும் அதைத் தாங்கும் கேபினும் அந்த ஒரு வருடத்துக்கு மட்டுமே உரியவை. கதவு வாங்கினாலும் கண்ணாடி ரப்பர் வாங்கினாலும் வருடம் பார்த்துத்தான் வாங்கவேண்டும். 1967-72 சி10 மூன்றிலும் அகலமான கேபின். குட்டைப் பெட்டிக்கு 115, நீளப் பெட்டிக்கு 127 அங்குல வீல்பேஸ். படம் எடுக்கவும் விழாவில் நிறுத்தவும் என்றால் 3100. தூரம் போய் வாசித்துவிட்டு இரவே திரும்பவேண்டிய ஆள் என்றால் சி10 தவிர வேறு யோசிக்கவேண்டாம்.

சீட்டுப் பெல்ட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பழைய கேபின் தகரத்தில் நேரடியாக போல்ட் போட்டால் விபத்தில் தகரத்தையே கிழித்துக்கொண்டு வரும். 7/16 அங்குல, 20 மரை போல்ட். பின்பக்கம் குறைந்தது 75 மி.மீ. சதுரத்தில் 3 மி.மீ. எஃகுத் தகடு. கிட்டார்ப் பெட்டிக்கும் தனியாக ஒரு வார் வேண்டும், பிரேக் அடித்தால் அது முன்னே பறந்து வராமலிருக்க.

கேள்வி: வாங்கப்போகும் 1951 கேபின் வெளியிலிருந்து பார்க்க சுத்தமாக இருக்கிறது. துரு எங்கே ஒளிந்திருக்கும்?

பெயிண்ட் சுத்தமாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். கையில் காந்தம், டார்ச், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் போதும். கேபினின் பின்மூலைகள் இரண்டையும் கீழ்ப்பக்கத்தில் காந்தத்தால் தடவுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. அடுத்து கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் தகடு, மிதிக்கும் இடத்தின் ஓரம், முன்கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் திறப்பின் அடி, கேபின் சேஸியில் உட்காரும் நான்கு இடங்கள். கூரையின் மழைநீர் விளிம்பில் பெயிண்ட் கோடு கோடாக வெடித்திருந்தால் உள்ளே ஒட்டுப்பசை இற்றுப்போய்த் துரு கிளம்பிவிட்டது என்று பொருள். கீழே உள்ளதைச் சரிசெய்யலாம். கூரை விளிம்பு கெட்ட கேபினை விட்டுவிட்டு வேறு தேடுவது மலிவு.

வெட்டுவதற்கு முன் கதவைச் சரியாக மூடி, இடைவெளியை அளந்து, கதவுத் திறப்பின் குறுக்கே ஒரு அங்குலச் சதுரக் குழாயை வெல்டு வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்து ராக்கரை வெட்டினால் கேபின் சில மி.மீ. அமிழ்ந்துவிடும்; புதுத் தகட்டை அந்த நிலையிலேயே ஒட்டிவிட்டால் கதவு இனி ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது.

வெல்டிங்குக்கு 0.6 மி.மீ. கம்பி. ஒரு பொட்டு வைத்தால் அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி. கை வைத்தால் சுடாத அளவு ஆறிய பிறகுதான் இடையில் நிரப்பவேண்டும். நீளமாக ஒரே இழுப்பில் வெல்டு போட்ட தகடு அலை அலையாகிவிடும். கூரை, கதவு, பேனட் போன்ற அகலத் தகடுகளை மணல் அடித்துச் சுத்தம் செய்வதும் அதே சேதத்தைத்தான் தரும். அவற்றுக்குப் பிளாஸ்டிக் துகளோ பெயிண்ட் உரிக்கும் ரசாயனமோ போதும். மணல் சேஸிக்கும் ஆக்சிலுக்கும். வெறும் தகட்டின் மேல் முதலில் எப்பாக்ஸி பிரைமர், அதற்கு மேல் பட்டி. பட்டி 3 மி.மீ. தாண்டுகிறதென்றால் தகட்டு வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: கட்டி முடித்த வண்டியில் பாட்டுப் போட்டால் 'ங்ங்ங்' என்ற ஒலி கூடவே வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்றிப் பார்த்தாயிற்று. வண்டி ஒரு இசையமைப்பாளருடையது. அவர் காதுக்கு இது சித்திரவதை.

சுருதி எஞ்சின் வேகத்தோடு ஏறினால் ஆல்டர்னேட்டர். வேகத்துக்கேற்ப 'டிக் டிக்' என்று வெட்டினால் இக்னிஷன். அதற்கு ரெசிஸ்டர் உள்ள பிளக் ஒயர் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்களுடையது முதல் வகை, அதில் பத்துக்கு ஒன்பது எர்த் கோளாறு. பிக்கப்பில் இது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. கேபின் ரப்பர் வாஷர்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பின்பெட்டி மரத்தின் மேல், எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல். புதுப்பிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கெட்டியாகப் பெயிண்டும் அடித்தாயிற்று. மின்சாரம் திரும்பி வர வழியே இல்லாமல், ஸ்டீரியோவின் சிக்னல் ஒயரின் கவசம் வழியாகத் திரும்புகிறது. நீங்கள் கேட்பது அந்தப் பயணத்தின் சத்தம்.

சோதனை இப்படி. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பாட்டைச் சத்தமாக வையுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும். பிறகு டேஷ்போர்டு தகட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும். எங்கே அரை வோல்ட் காட்டுகிறதோ அங்கே எர்த் பட்டை (மின்சாரம் திரும்பி வரும் இணைப்பு ஒயர்) இல்லை, அல்லது பட்டைக்கு அடியில் பெயிண்ட் இருக்கிறது.

சரிசெய்ய மூன்று பட்டை வேண்டும்: பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக், பிளாக்கிலிருந்து சேஸி, சேஸியிலிருந்து கேபின். முதலாவது பேட்டரி கேபிள் தடிமனில், மற்ற இரண்டும் குறைந்தது 4 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்). ஒவ்வொரு முனையிலும் காசளவு இடத்தில் பெயிண்டை வெறும் உலோகம் தெரியச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே பெயிண்ட் தொடுங்கள். முன்னாலேயே தொட்டால் பழைய கதை.

அதற்குப் பின்னும் சத்தம் இருந்தால், ஸ்டீரியோவின் சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர்களைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றதா? கோளாறு முன்பக்கம், ஸ்டீரியோவின் எர்த்தைத் தனி ஒயரில் ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகுக்கே கொண்டுவாருங்கள். நிற்கவில்லையா? ஆம்ப்ளிஃபயரின் எர்த்தும் பவரும். ஆர்சிஏ ஒரு பக்கமும் பவர் கேபிள் எதிர்ப் பக்கமும் போகட்டும். குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்க்குத்தாக வெட்டட்டும். சத்தத்தை அமுக்கும் ஃபில்டர் டப்பாக்களை வாங்கிச் செருகுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி.

பவர் கேபிளின் கணக்கு: மொத்தம் 600 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வெளியீடு), கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை), 80 சதவீதத் திறன் என்றால் உச்சத்தில் 750 வாட் இழுக்கும்; 13.8 வோல்ட்டால் வகுத்தால் 54 ஆம்பியர். 4 கேஜ் சுத்தச் செம்பு, 60 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கவேண்டும், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே கேபிள் நசுங்கினால் தீயைத் தடுக்க ஒன்றும் இல்லை. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் என்றால் ஒரு அளவு தடிமன் கூட்டுங்கள். டேஷ்போர்டை மட்டும் வெட்டாதீர்கள். ஸ்டீரியோவைக் கையுறைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம், வெட்டிய டேஷ்போர்டை ஒட்டவைப்பது பெரும்பாடு.

கேள்வி: அதிர்வைத் தடுக்கும் ஷீட்டைக் கேபின் முழுக்க ஒட்டவேண்டுமா?

வேண்டாம். 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் தகட்டின் அதிர்வை அடக்கத்தான்; அகலமான தகட்டின் நடுவில் கால் முதல் நாற்பது சதவீதப் பரப்பை மூடினால் போதும், விரலால் தட்டினால் 'டண்' போய் 'தட்' வரும். அதற்கு மேல் ஒட்டுவது எடை. சாலை இரைச்சலுக்கு மூடிய துளை ஃபோமும், அதன் மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைல் விரிப்பும் தரையிலும் பின்சுவரிலும் போடுங்கள். தார் கலந்த மலிவு ஷீட் வெயிலில் உருகி வழியும். கதவின் அடியில் உள்ள தண்ணீர்த் துளைகளை எதைக் கொண்டும் மூடிவிடாதீர்கள்.

கேள்வி: கிட்டாரைக் கேபினுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாமா?

நிழலில் அரை மணி நேரம் என்றால் சரி. வெயிலில் மூடிய கேபின் 60 டிகிரி செல்சியஸை எளிதில் தொடும். கிட்டார் ஒட்டப் பயன்படும் பசைகள் அந்தச் சூட்டுக்கு அருகில்தான் இளகத் தொடங்கும். தந்தியின் இழுவையில் பாலம் பின்னால் எழும்பிவிட்ட அக்கூஸ்டிக்குகளில் பல இப்படிக் காரில் கிடந்தவைதான். சீட்டுக்குப் பின்னால் கட்டும் பெட்டிக்கு உள்ளே 12 மி.மீ. ஃபோம், அடியில் சைலன்சர் குழாய் போகிறதென்றால் தரைக்குக் கீழே ஒரு அங்குல இடைவெளி விட்டு அலுமினியக் கவசம். ஈரப்பதம் 45-55 சதவீதத்தில் இருக்க இருவழி ஈரப்பதப் பொட்டலம் ஒன்று.

பலரும் கவனிக்காத இன்னொன்று: நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்த கிட்டார்கள் ரப்பர், வினைல், சில ஃபோம் வகைகளோடு பட்டுக்கொண்டே இருந்தால் பூச்சு இளகிக் கறை விழும். அழகாக வினைல் தைத்த தொட்டில் செய்து அதில் கிட்டாரை வெறும் உடம்போடு தொங்கவிட்டால், அதன் வடிவம் கிட்டாரின் முதுகில் பதிந்திருக்கும். தொடும் இடம் பருத்தியோ கம்பளியோ ஆகட்டும். குளிரில் வந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறக்காதீர்கள். பூச்சில் கீறல் கீறலாக வெடிப்பு விழும்.

கேள்வி: பின்பெட்டியையே மேடையாக்கி, வண்டியின் மின்சாரத்திலேயே இரண்டு மணி நேரம் வாசிக்க முடியுமா?

முடியும், எஞ்சினை அணைத்துவிட்டே. ஆனால் எஞ்சின் பேட்டரியைத் தொடக்கூடாது. தனியாக 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரி ஒன்று வையுங்கள்: 12.8 வோல்ட், அதாவது 1,280 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பும் கொஞ்சம் கையிருப்பும் போக 900 வாட்-மணி கணக்கில் கொள்ளலாம். 85 வாட் ட்யூப் ஆம்ப் ஒன்று 250-300 வாட் இழுக்கும். சிறிய மிக்சரும் இரண்டு பவர்டு ஸ்பீக்கரும் சராசரியாக 100-150 வாட். மொத்தம் 400 என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும்.

இன்வெர்ட்டர் சுத்த சைன் அலையாக இருக்கவேண்டும். படிப்படியாக வெட்டிய அலை தரும் மலிவு இன்வெர்ட்டரில் ட்யூப் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும், ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும். அமெரிக்க ஆம்புக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் பேட்டரியிலிருந்து 180 ஆம்பியர் வரை கேட்கும். கேபிள் 2/0 கேஜ், நீளம் ஒரு மீட்டருக்குள். எனவே பேட்டரியும் இன்வெர்ட்டரும் கேபினை ஒட்டிய பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில். ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் போகக்கூடாது. லித்தியம் காலியாக இருக்கும்போது கணக்கில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைக் கருக்கிவிடும். நடுவே 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது, பேனட்டுக்கு அடியில் சூட்டில் வைக்கவும் கூடாது.

உயிரோடு சம்பந்தப்பட்டது இது: மைக்கும் கிட்டார் ஆம்பும் ஒரே மின்சாரத்தில் ஓடவேண்டும். மைக் போகும் மிக்சர் அரங்கத்து பிளக்கிலும் ஆம்ப் வண்டியின் இன்வெர்ட்டரிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் நிற்கலாம். தந்தியில் கையும் மைக்கில் உதடும் வைத்திருப்பவர்தான் அந்த இரண்டையும் இணைக்கும் ஒயர். இன்வெர்ட்டரின் பிளக் பாயிண்டில் எர்த் கசிவு துண்டிப்பான் கட்டாயம். ஒவ்வொரு முறையும் வாசிக்கும் முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: பின்பெட்டித் தரைக்கு எந்த மரம்? பளபளவென்று வார்னிஷ் அடித்தது ஒரு வருடத்தில் உரிகிறது.

வெள்ளை ஓக். சிவப்பு ஓக் விலை குறைவு, ஆனால் அதன் துளைகள் திறந்தவை. ஒரு துண்டின் முனையை வாயில் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும். தண்ணீரும் அப்படித்தான் போகும். வெள்ளை ஓக்கின் துளைகள் அடைபட்டவை. ஆனால் அதிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கறை விடும். பலகைகளை இறுக்கும் பட்டையும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் எஃகாக இருக்கவேண்டும்.

உங்கள் வார்னிஷ் உரிவது போல்ட்டுத் துளைகளிலிருந்து தொடங்கியிருக்கும், பாருங்கள். மேல்முகத்தை மட்டும் ஐந்து பூச்சு அடித்து, அடிப்பக்கம், பக்கவாட்டு, முனை, துளையின் உட்சுவர் எல்லாவற்றையும் வெறுமனே விட்டால் ஈரம் அங்கே நுழைந்து வார்னிஷை உள்ளிருந்து தள்ளும். எல்லாத் துளைகளையும் போட்டு, ஒருமுறை பொருத்திப் பார்த்து, கழற்றி, ஆறு முகத்துக்கும் துளைகளுக்கும் பூசிய பிறகே இறுதியாக மாட்டுங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே, எஃகுப் பட்டை மூடும் இடத்தில், 2-3 மி.மீ. விடுங்கள், இறுக்கிப் பொருத்திய தரை மழைக்காலத்தில் நடுவில் எழும்பும்.

30 கிலோ ஆம்பைத் தினமும் இழுத்து ஏற்றும் வண்டிக்குப் பளபளப்பே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஊடுருவும் எண்ணெய் அடித்து, வருடத்துக்கு ஒருமுறை துடைத்து மீண்டும் அடியுங்கள். கீறினால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம்.

கேள்வி: துருவும் மங்கிய பெயிண்டும் அப்படியே தெரியும்படி விட்டு மேலே ஏதாவது பூசலாமா?

பூசலாம். மாட் கிளியர் கோட் நிலைக்கும், ஆனால் துரு ஓடும் இடங்களை முதலில் நிறுத்தாமல் பூசினால் அடியில் தொடர்ந்து அரிக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் முதல் வாரம் அழகாக இருக்கும். பிறகு பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும்.

கேள்வி: அசல் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொள்ளலாமா, எல்எஸ் வி8 (ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால எட்டு சிலிண்டர் எஞ்சின்) போடலாமா?

செவ்ரோலேயின் பழைய 216 கன அங்குல ஆறு சிலிண்டரில் கனெக்டிங் ராடுக்கு எண்ணெயைப் பம்ப் அழுத்தித் தள்ளுவதில்லை. ராடின் அடியிலுள்ள கரண்டி எண்ணெயை வாரிக்கொள்கிறது. பேரிங்கும் ஊற்றிய வெள்ளை உலோகம். பின் ஆக்சில் விகிதம் 4.11. 28 அங்குல டயரில் மணிக்கு 60 மைல் போனால் எஞ்சின் ஏறக்குறைய 2,950 சுற்று சுற்றும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் இந்த வேகத்தை அது தாங்காது. 1954 முதல் வந்த 235இல் முழு அழுத்த எண்ணெய் உண்டு. மெதுவாக ஓட்டுபவருக்கு அது போதும், சத்தமும் இனிமை.

எல்எஸ் குடும்பத்தின் 5.3 லிட்டரும் 4எல்60இ கியர்பாக்ஸும் போட்டு, ஆக்சிலை 3.73 ஆக்கினால், அதே வேகத்தில் 1,900 சுற்றுக்கும் கீழே வந்துவிடும். பழைய 3100இல் மூடிய குழாய்க்குள் ஓடும் டிரைவ் ஷாஃப்ட் என்பதால் பின் ஆக்சிலை மாற்றியே ஆகவேண்டும். லாரி எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி ஆழம் அதிகம், குறுக்குக் கட்டையில் இடிக்கும். 1998-2002 செவ்ரோலே கமாரோ காரின் தொட்டி பொருந்தும். பெட்ரோல் அழுத்தம் 58 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் நீராவிக் குழாயை ரேடியேட்டரின் உச்சிக்குக் கொண்டுபோகாமல் அடைத்துவிடுபவர்கள் உண்டு. உள்ளே காற்று சிக்கி, மீட்டர் இயல்பாகக் காட்டும்போதே ஹெட் சூடேறும். செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால், கம்ப்யூட்டருக்குப் போகும் இக்னிஷன் ஒயரைச் செல்ஃப் அடிக்கும்போது அணைந்துவிடும் முனையில் மாட்டியிருக்கிறார்களா பாருங்கள்.

இசைக்காரர் வண்டிக்கே உரிய சங்கடம் சைலன்சரின் முழக்கம். 2,000 சுற்றில் எட்டு சிலிண்டர் எஞ்சின் வினாடிக்கு 133 முறை வெடிக்கிறது. அது நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-க்கு ஒட்டிய சுருதி. கேபின் அதை இன்னும் பெரிதாக்கும், கூடப் பாடிப் பார்ப்பவருக்கு வேறு சுருதியே பிடிபடாது. இரண்டு பக்கக் குழாயும் சேர்ந்த இடத்துக்குப் பின்னால், முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றை வெல்டு வைத்தால் அந்த ஒரு அதிர்வெண் அடங்கும். நீளம் அலைநீளத்தில் கால் பங்கு: சூடான புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகிறது, அதை 133இன் நான்கு மடங்கால் வகுத்தால் 94 செ.மீ. புகையின் சூடு வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே முதலில் ஒரு மீட்டர் குழாயை வைத்து, மூடியைத் தற்காலிகமாக மாட்டி, ஓட்டிக் கேட்டுக்கேட்டு வெட்டிக் குறையுங்கள்.

கேள்வி: முன்னால் டிஸ்க் பிரேக் போட்ட பிறகு பெடல் முதல் மிதியில் தரைக்குப் போகிறது, இரண்டாம் மிதியில் நிற்கிறது. பிரேக் லைனில் காற்று இல்லை.

மாஸ்டர் சிலிண்டர் இன்னும் தரைக்கு அடியில்தானே இருக்கிறது? அது காலிப்பரைவிடத் தாழ்ந்திருப்பதால் வண்டி நிற்கும்போது பிரேக் எண்ணெய் பின்னோக்கி வடிகிறது. லைனில் கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைக்கும் மிச்ச அழுத்த வால்வு போடுங்கள்: முன் லைனில் 2 பிஎஸ்ஐ, பின் டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ. மாற்றிப் போட்டால் முன் பிரேக் பிடித்தபடியே சூடேறும். இன்னும் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர் இருந்தால் அதை முதலில் கழற்றி எறிந்துவிட்டு இரட்டை அறை போடுங்கள். ஒரு லைன் வெடித்தால் நான்கு சக்கரமும் போவது அந்தப் பழைய அமைப்பில்தான்.

கேள்வி: சுற்றுப்பயணத்துக்கு ஒன்று, விழா மேடைக்கு ஒன்று என்று ஒரே மாதிரி இரண்டு பிக்கப் கேட்கிறார். சரியா?

புதிய யோசனை இல்லை. அமெரிக்க ராக் இசைக்குழுவான ஸீஸீ டாப்பின் பில்லி கிப்பன்ஸின் 1933 ஃபோர்டு கூப்பேக்கும் அச்சாக ஒரு இரட்டை கட்டப்பட்டது, நிகழ்ச்சிகளுக்கு அனுப்புவதற்காக. பெயிண்டை ஒரே கலவையில் இரண்டு வண்டிக்கும் சேர்த்துக் கலக்குங்கள், ஒன்றாக அடியுங்கள். பிறகு கலந்தால் நிறம் பொருந்தாது. மேடை வண்டிக்கு அசல் எஞ்சின் போதும்.

ஒரு வண்டியின் வின் எண் (வண்டியின் அடையாள எண்) தகட்டைக் கழற்றி மற்றதில் மாட்டும் ஆசை மட்டும் வேண்டாம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். ஐம்பதுகளின் வண்டிகள் சில மாநிலங்களில் எஞ்சின் எண்ணிலேயே பதிவாகியிருக்கும். எஞ்சினை மாற்றும் முன் உரிமைச் சான்றில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் அதைத் திருத்தி வாங்கிக்கொண்ட பிறகே பழைய எஞ்சினைக் கிரேனில் மாட்டுங்கள்.